திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில்?

புது தில்லி: இணையம் வழியே வாங்கிய பொருள் பழுதாக வந்துவிட்டால் அதை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால், அந்தப் பொருளை வாங்கியவர் வீட்டிலிருந்து விற்பவரின் கிடங்கு வரை கொண்டு சேர்க்கும் கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு, 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளில் நேரடியான விடை இல்லை.

பெருநகரங்களில் இந்தக் கேள்வி அதிகம் எழுவதில்லை. நிறுவனத்தின் ஊழியரே வீட்டுக்கு வந்து பார்சலை எடுத்துச் செல்கிறார். அந்த வசதி எட்டாத சிற்றூர்களில்தான் சிக்கல். 'நீங்களே அனுப்பிவையுங்கள்' என்று நிறுவனம் சொல்லிவிடுகிறது. கூலி முன்கூட்டியே செலுத்தப்பட்ட முகவரிச் சீட்டு எதுவும் பார்சலுடன் வருவதில்லை. வாங்கியவரே பெட்டி தேடிக் கட்டி, அஞ்சலகத்திலோ கூரியர் அலுவலகத்திலோ பணம் செலுத்தி அனுப்ப வேண்டும். பின்னர் அந்தத் தொகையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது நிறுவனத்தின் நிபந்தனைகளைப் பொருத்தது. முந்நூறு ரூபாய்ச் சட்டையைத் திருப்பி அனுப்ப நூறு ரூபாய் ஆகும் என்றால், கிழிசலைத் தைத்துப் போட்டுக்கொள்பவர்களே அதிகம் இருப்பர். சட்டம் தந்த உரிமை நடைமுறையில் கரைந்துபோவது இப்படித்தான்.

பழைய சட்டத்தின் தெளிவு

இந்த விஷயத்தில் ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பொருளை ஏற்க மறுக்கும் உரிமையுள்ள வாங்குபவர் அதை விற்பவரிடம் திருப்பிக் கொண்டு சேர்க்கக் கடமைப்பட்டவர் அல்லர். மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-வது பிரிவு. எடுத்துச் செல்வது விற்றவரின் பொறுப்பு என்பதே இதன் உட்பொருள்.

ஆனால், 'வேறு விதமாக உடன்பாடு இல்லாவிட்டால்' என்ற நிபந்தனையுடன்தான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. இணைய வணிகத்தில் அந்த 'வேறு உடன்பாடு' பல பக்க நிபந்தனைகளுக்குள் புதைந்து கிடக்கிறது. 'ஏற்கிறேன்' என்று ஒருமுறை அழுத்தியதும் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு கைநழுவிப் போகிறது.

புதிய விதிகளின் மௌனம்

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளை ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அச்சட்டம் வரையறுக்கிறது. மூன்று நாள்கள் கழித்து, ஜூலை 23-ல் மின் வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான, தாமதமாக வந்த பொருள்களைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று அவை கூறுகின்றன.

திருப்பி அனுப்பும் செலவைப் பற்றியும் இவ்விதிகள் பேசாமல் இல்லை. அச்செலவு குறித்த விவரத்தை நுகர்வோருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. ஆக, தெரிவிப்பதுதான் கடமையே தவிர, ஏற்பது அல்ல. 'செலவு உங்களுடையது' என்று தெளிவாக எழுதிவைத்துவிட்டால் இந்த விதிக்கு இணங்கியதாகிவிடும்.

அந்த நிபந்தனையே நேர்மையற்ற ஒப்பந்தம் என்று வாதாடலாமே என்றால், அங்கும் ஒரு தடை. நேர்மையற்ற ஒப்பந்தம் குறித்த புகார்களை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் தரப்பட்டுள்ளது. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. நூறு ரூபாய்க் கூலிக்காக மாநிலத் தலைநகரின் படியேற யார் முன்வருவார்?

அஞ்சல் துறையின் நிலை

125 ஆண்டுகள் பழைமையான 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய அஞ்சல் சட்டத்தை நாடாளுமன்றம் 2023 டிசம்பரில் நிறைவேற்றியது. கட்டணம் பாக்கியுள்ள அஞ்சலைப் பெறுபவர் பிரிக்காமல் உடனே திருப்பிவிட்டால், அந்தக் கட்டணத்தை அனுப்பியவரே செலுத்த வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 11-வது பிரிவு. பிரிக்காத உறைக்கு அனுப்பியவரே பொறுப்பு என்ற நியாயம் அதில் இருந்தது. ஆனால், பார்சலைப் பிரித்துப் பார்த்தால்தான் பழுது தெரியும். பிரித்த பிறகு அனுப்பினால் அது புதிய அஞ்சல், புதிய கட்டணம்.

புதிய மசோதா மீதான விவாதத்தில், அஞ்சல்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 9-வது பிரிவே எதிர்க்கட்சிகளின் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், தனியார் கூரியர் நிறுவனங்கள் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. பார்சல் போக்குவரத்து முழுவதற்கும் பொதுவான பொறுப்பு விதிகளை வகுக்கக் கிடைத்த வாய்ப்பு அதனால் நழுவியது.

வழி என்ன?

எல்லாச் செலவையும் விற்பவர் தலையில் கட்டுவதும் சரியாகாது. மூன்று அளவுகளில் சட்டை வரவழைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பும் வாடிக்கையாளரும் உண்டு. அச்சுமையைச் சிறு வியாபாரிகளால் தாங்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் இங்கேதான் கோடு கிழித்துள்ளது. மனம் மாறி 14 நாள்களுக்குள் திருப்புபவர், அது குறித்து முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தால், செலவைத் தாமே ஏற்க வேண்டும். பழுது காரணமாகத் திருப்பினால் செலவு விற்பவருடையது.

இதே பாகுபாட்டை இங்கும் கொண்டுவரப் புதிய மசோதா தேவையில்லை. விதிகளில் ஒரு வரியைச் சேர்த்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலே போதும். அந்த விதி நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும்போது உறுப்பினர்கள் திருத்தமும் கோரலாம். நடைமுறைக்கும் முன்மாதிரி உண்டு. அனுப்புபவர் தபால்தலை ஒட்டாமலே அனுப்ப, பெறும் நிறுவனம் கட்டணம் செலுத்தும் வணிகப் பதில் அஞ்சல் முறையை அஞ்சல் துறை நெடுங்காலமாக நடத்திவருகிறது. பழுதான பார்சல்களுக்கும் அத்தகைய ஏற்பாடு வந்தால் நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 1.6 லட்சம் அஞ்சலகங்களும் திருப்பி அனுப்பும் நிலையங்களாகிவிடும்.

அதுவரை நுகர்வோருக்கு உள்ள வழிகள் சில. பழுதைக் கண்டதும் தாமதிக்காமல் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நியாயமான காலத்துக்குப் பின்னும் பேசாமல் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது விதி. தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அந்த மனுவில் பொருளின் விலையோடு அனுப்புக் கூலியையும் இழப்பீடாகக் கேட்க மறக்கக் கூடாது. கேட்பவர்கள் பெருகினால்தான், விதியில் விடுபட்டுள்ள அந்த ஒரு வரி தில்லியின் கவனத்துக்கு வரும்.