மைலேஜ் குறைந்தால் ஓட்டுநர் மீது பழியா?

கார் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் குடிப்பதற்குக் காரணங்கள் பல. டயரில் காற்று குறைந்தால் எஞ்சின் கூடுதலாக உழைக்க நேரிடும். தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக் எரிபொருளை முழுமையாக எரிய விடாது. பழுதான ஆக்சிஜன் சென்சார் தேவைக்கு மேல் பெட்ரோலைப் பாய்ச்சச் செய்யும். இறுகிப்போன பிரேக் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

மைலேஜ் குறைந்துவிட்டதென்று நாடெங்கும் குமுறல் எழுந்தபோது, 2025 ஆகஸ்டில் ஒன்றியப் பெட்ரோலிய அமைச்சகமும் இத்தகைய பட்டியல் ஒன்றைத்தான் நீட்டியது. ஓட்டும் பழக்கம், ஆயில் மாற்றுதல், ஏர் ஃபில்டரின் தூய்மை, டயர் அழுத்தம், ஏசி பயன்பாடு எனக் காரணங்களை அடுக்கியது. பட்டியல் பொய்யன்று. ஆனால் இவை அனைத்தும் ஓட்டுநரால் சரிசெய்யக் கூடியவை. டயருக்குக் காற்றடிக்கலாம், பிளக்கை மாற்றலாம். பங்க்கில் ஊற்றப்படும் பெட்ரோலின் கலவையை அவரால் மாற்ற முடியுமா?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு முதலில் 2030க்கு வைக்கப்பட்டிருந்தது. அதை 2025க்கே இழுத்துவந்தது மோடி அரசு. ஒரு லிட்டர் எத்தனாலின் எரிஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. இந்தக் கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையும் என்பதை அமைச்சகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டு, அதனை 'சொற்பம்' என்கிறது.

யாருக்குச் சொற்பம்? லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பழைய காரை நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓட்டும் டாக்சித் தொழிலாளிக்கு 10 லிட்டர் போதும். மைலேஜ் 6 சதவீதம் குறைந்தால் 10.64 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் நாளுக்கு 64 ரூபாய். 26 நாள் ஓட்டினால் மாதம் 1,660 ரூபாய்க்கு மேல். 3 சதவீதமே குறைந்தாலும் 800 ரூபாய். இதற்காக எந்தக் கம்பெனியும் கட்டணத்தை உயர்த்தித் தரப்போவதில்லை.

ஆற்றல் குறைவை ஈடுசெய்ய இந்தப் பெட்ரோலைக் குறைந்த விலையில் விற்க வேண்டுமென்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே பரிந்துரைத்தது. 2025இலோ, எத்தனால் கொள்முதல் விலையே லிட்டருக்கு 71.32 ரூபாய் ஆகிவிட்டதென்று அமைச்சகம் கைவிரித்தது. அன்னியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பு விவசாயிக்குப் பணம் போய்ச்சேருகிறது என்றும் வாதிடுகிறது. மிச்சம் நாட்டுக்கென்றால் செலவை உழைப்பாளி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? கரும்பு ஒப்படைத்த 14 நாள்களுக்குள் விலையைத் தர வேண்டும் என்பது 1966 முதல் ஆலைகளின் மீதுள்ள சட்டக் கடமை. அதை நிறைவேற்ற வைப்பதற்கு டாக்சிக்காரரின் டேங்க் எதற்கு?

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வேண்டுமென்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எஞ்சியிருப்பது மக்கள் மன்றம்.

பழைய வாகனங்களுக்கு ஏற்ற பெட்ரோல் எல்லா பங்க்குகளிலும் கிடைக்க வேண்டும். 20 சதவீதக் கலப்புப் பெட்ரோலுக்கு, குறையும் ஆற்றலுக்கு ஈடாகக் கலால் வரியைக் குறைக்க வேண்டும். கலப்பு விகிதத்தை ஒவ்வொரு பம்ப்பிலும் எழுதி வைக்க வேண்டும். டாக்சி நிறுத்தங்களிலும் ஆட்டோ நிறுத்தங்களிலும் இக்கோரிக்கைகள் ஒலிக்கட்டும். டயர் அழுத்தத்தைத் தொழிலாளி பார்த்துக்கொள்வார். அரசு தன் கணக்கைப் பார்க்கட்டும்.