அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச கதை

"தொழிற்சங்கம்னாலே கட்சிக்காரங்கதானே" என்று நகரத்து நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பாதிதான் சரி. ஏஐடியுசி கதையைக் கொஞ்சம் பாருங்க.

1920 அக்டோபர் 31, பம்பாய். லாலா லஜபதி ராய் தலைமையில் ஆரம்பிச்சப்போ அது எந்த ஒரு கட்சிக்கும் சொந்தமில்லை. நேரு, சுபாஷ் போஸ், வி.வி.கிரி எல்லாரும் பின்னாடி அதுக்குத் தலைவரா இருந்தவங்க. அரசியல் தொடர்பால் ஆதாயமும் இருந்தது. சென்னை பின்னி ஆலைக்காரர்கள் சங்கம் நடத்திய வாடியா மேலேயே கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். அந்தக் காலத்தில் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் விடாம கேட்டார், 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சபைக்குள்ள ஆள் இல்லாம இது நடந்திருக்காது.

அப்புறம்தான் பாகப்பிரிவினை. 1929ல் நாக்பூரில் மிதவாதிகள் வெளியேறினார்கள். 1931ல் இன்னொரு பிளவு. பிறகு ஒண்ணு சேர்ந்தாங்க, நிலைக்கல. 1947 மே மாசம், சுதந்திரத்துக்கு மூணு மாசம் இருக்கும்போது, காங்கிரஸ்காரர்கள் ஐஎன்டியுசி கண்டார்கள். 1948ல் சோஷலிஸ்டுகளின் எச்எம்எஸ். 1955ல் தெங்கடியின் பிஎம்எஸ். 1964ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைஞ்சது, ஆறு வருசம் ஒரே வீட்டில் முறைச்சுக்கிட்டு இருந்துவிட்டு 1970ல் சிஐடியு தனிக்குடித்தனம் போனது. நம்ம பக்கம் தொமுச, அண்ணா தொழிற்சங்கம் வேற. இதில் கூலித் தகராறால் வந்த பிரிவு ஒண்ணாவது உண்டா? எனக்குத் தெரியல.

இதுக்கு விலை கொடுத்தது யார்? 1974 மே மாசம் ரயில்வே வேலைநிறுத்தம் 20 நாள் நடந்தது. ஐஎன்டியுசியைச் சேர்ந்த ரயில்வே சம்மேளனம் அதில் சேரல. ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். 2020 நவம்பர் 26 பொது வேலைநிறுத்தத்தில் பத்து மத்திய சங்கங்கள் நின்றன, பிஎம்எஸ் ஒதுங்கியது. ஆட்சியில் பாஜக. ஆனா இதே தெங்கடி வாஜ்பாய் ஆட்சியின் பொருளாதாரக் கொள்கையை வெளிப்படையா எதிர்த்தவர். மனசு வெச்சா முடியும்.

அதே நாள்தான் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லிக்குக் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் பல கட்சிக்காரங்க இருந்தாங்க, ஆனா கட்சித் தலைவர்களுக்கு மேடை கொடுக்கல. ஒரு வருசம் கழிச்சு மூணு சட்டமும் வாபஸ்.

அதனால கட்சியே வேண்டாம்னு நான் சொல்லல. தன் கட்சி ஆட்சிக்கு வந்தால் சங்கத் தலைவர் கட்சிப் பதவியையோ சங்கப் பதவியையோ, ஏதாவது ஒண்ணை விடட்டும். விவசாய சங்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். எங்க ஒன்றியத்திலேயே கொடிக்கு ஒண்ணா நாலு இருக்கு.