நல்ல டெக் தோற்றுப்போனதாம்!

நல்லது தோற்கும், மட்டமானது வெல்லும், ஏனென்றால் சனங்களுக்கு விவரம் போதாது. பீட்டாமெக்ஸ், வி.எச்.எஸ். என்ற இரண்டு வீடியோ கசெட் வகைகளின் கதையை எடுத்தவர்கள் எல்லோரும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். படம் துல்லியமாகத் தெரிந்த சோனியின் பீட்டா மண்ணைக் கவ்வியதாம். ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். விளம்பரத்தாலும் தந்திரத்தாலும் வென்றதாம். ஆபாசப் படம்தான் வெல்ல வைத்தது என்று கண்ணடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் படங்கள் பீட்டாவிலும் வந்தன என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில், திம்புள்ளப் பக்கத்தில், இந்தக் கதைக்கு ஒரு கிளையும் முளைத்திருக்கிறது. லயத்தில் ஒரு காம்பிராவுக்கு ஒரு சாமான் வந்தால், அடுத்த தீபாவளி முற்பணத்தில் பத்துக் காம்பிராவுக்கும் அதே சாமான், அதே கம்பெனி, அதே நிறம் வந்துவிடுமாம். தோட்டத்துச் சனம் யோசிக்காதாம், பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்குமாம். டவுன் கடைக்காரர் இதைச் சொன்னால் அவர் வியாபாரம் என்று விட்டுவிடலாம். நம் லயத்திலேயே பிறந்து, படித்து, உத்தியோகத்துக்குப் போன பிள்ளைகளும் இப்போது இதையே திருப்பிச் சொல்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பீட்டாவின் புகழை உரசிப் பார்ப்போம். சோனி 1975 மே மாதத்தில் ஜப்பானில் பீட்டாமெக்ஸை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒரு கசெட்டில் ஒரு மணி நேரம்தான் பதியலாம். அடுத்த வருடம் ஜே.வி.சி. வி.எச்.எஸ்.ஸுடன் வந்தது, இரண்டு மணி நேரக் கசெட்டோடு. 1977இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நான்கு மணி நேரம் பதியும் வி.எச்.எஸ். டெக்கை இறக்கியது. சோனி என்ன செய்தது? நாடாவின் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து நேரத்தைக் கூட்டியது. ஓட்டம் குறைந்தால் படமும் குறையும். கண்ணாடி மாதிரிப் படம் என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அது ஒரு மணி நேரம் மட்டுமே பதிந்த அந்த முதல் டெக்கின் படம். அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போன பீட்டாவுக்கும் வி.எச்.எஸ்.ஸுக்கும் இருந்த வித்தியாசம், படத் துல்லியக் கணக்கில் 250 கோடுகளுக்கும் 240 கோடுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம். பதினான்கு அங்குல டிவியில் அதைக் கண்டுபிடிக்கக் கழுகுக் கண் வேண்டும்.

"அப்படியானால் டிவி ஸ்டேஷன்காரன் ஏன் பீட்டா வைத்திருந்தான்?" என்று அடுத்த கேள்வி வரும். அவன் வைத்திருந்தது பீட்டாகாம். 1982இல் சோனியே ஸ்டேஷன்களுக்கென்று செய்தது. கசெட்டின் கூடு ஒரே மாதிரி இருக்கும். உள்ளே நாடா ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடும், படத்தைப் பதியும் முறையும் வேறு. வீட்டு பீட்டாவின் பெருமையில் பாதி, பேர் ஒற்றுமையால் வந்த இரவல் பெருமை.

தொழில்நுட்பத்தில் மேலானதுதான் தோற்றது என்று அழ வேண்டுமானால் அழவேண்டியது வேறொன்றுக்கு. பிலிப்ஸின் வீடியோ 2000 என்று ஒன்று இருந்தது. ஓடியோ கசெட்டைப் போலத் திருப்பிப் போடலாம், பக்கத்துக்கு நான்கு மணி நேரம், டிராக்கிங் குமிழைத் திருகும் தொல்லையே இல்லை. எண்பதுகளிலேயே மறைந்து போனது. அதற்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நேரம் போதவில்லை, அதனால் பீட்டா தோற்றது என்பது அமெரிக்காவுக்குச் சரியான காரணம். நமக்குச் சரிவராது. இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்தது பால் (PAL) என்ற டிவி முறை. அந்த முறையில் பீட்டாவின் எல்-750 கசெட் மூன்றேகால் மணி நேரம் ஓடும். வி.எச்.எஸ்.ஸின் ஈ-180 மூன்று மணி நேரம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் எதில் போட்டாலும் முழுசாக அடங்கும். படத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, நேரத்திலும் இல்லை. அப்படியிருந்தும் நம் சனம் வி.எச்.எஸ். பக்கம் போனதென்றால், அது புத்தி இல்லாமலா? காரணத்தை டெக்குக்குள்ளே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

எண்பதுகளின் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1979 ஏப்ரலில் ஐ.டி.என். டிவி தொடங்கியது, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நம் கண்ணுக்கெதிரே பீதுருதாலகாலவில் நின்றது. ஆனால் அதில் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் கிள்ளுக்கீரை. பெரும்பாலான லயங்களுக்குக் கரண்ட் இல்லை. வசதியுள்ள ஒன்றிரண்டு காம்பிராக்களில் கறுப்பு வெள்ளை டிவியைக் கார் பெட்டரியில் ஓட்டுவார்கள். பெட்டரி இறங்கினால் டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் வாடகை டெக்தான் வழி. சம்பளம் வந்த வார முடிவிலோ கோயில் திருவிழாவிலோ, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு பிரித்து, டவுன் கடையிலிருந்து கலர் டிவி, டெக், மூன்று நான்கு கசெட், ஒரு ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டு வருவார்கள். வாசலில் சாக்கு விரித்து விடிய விடியப் படம். மழை வந்தால் பிள்ளை மடுவத்துக்குள்ளே.

அந்தக் கடைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இரண்டு வகை டெக்கும் வைத்திருந்தால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை வாங்க வேண்டும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ சின்னக் கடை நடத்துகிறவர் அதைத் தாங்குவாரா? எதற்குக் கூடுதலான ஆட்கள் கசெட் கேட்டு வருகிறார்களோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுவார். அவர் கைவிட்ட வகையில் சொந்த டெக் வைத்திருப்பவர் கதி என்ன? வளைகுடாவில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் ஒரு தாய் கொண்டு வந்த டெக் அது என்று வைத்துக்கொள்வோம். படம் அபாரமாகத்தான் தெரியும், போட்டுப் பார்க்க ஒரு கசெட் அகப்பட்டால். பக்கத்துக் காம்பிராவில் என்ன டெக் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வாங்கின பெண்ணுக்கு, வாங்கின அன்றைக்கே லயத்துக் கசெட் எல்லாம் அவள் கசெட். இரண்டு பேரில் யோசித்து வாங்கினது யார்?

சொந்தங்களின் கணக்கு ஒன்றும் இருக்கிறது, கொழும்பில் இருந்து எழுதுகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அண்ணன் கூடலூருக்கு, தம்பி இங்கே. அக்கா கோத்தகிரிக்கு, அம்மா இங்கே. மகளின் சடங்கையோ கல்யாணத்தையோ வீடியோ எடுத்து அங்கே கொடுத்தனுப்பினால், அங்கே இருக்கிற டெக்கில் அது ஓட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கோடுகளின் எண்ணிக்கையா முக்கியம்? கடல் தாண்டியும் ஓடுகிற வகை எதுவோ, அதுதான் நல்ல வகை.

துல்லியம் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுப்பதில்லை. லயத்துக்கு வந்து சேர்ந்த படம் கொப்பியின் கொப்பி, அந்தக் கொப்பிக்கும் ஒரு கொப்பி. ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் நிறம் கசியும், சத்தம் இரையும். கதாநாயகியின் சேலை நிறம் அவள் போன பிறகும் திரையில் மிதக்கும். இதில் பத்துக் கோடு கூடினால் என்ன, குறைந்தால் என்ன? போதாததற்கு நம் ஊர் ஈரம். ஆறு மாதம் அலுமாரியில் கிடந்த கசெட்டில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிடும், அதைப் போட்டால் ஹெட் அடைக்கும். ஸ்பிரிட்டால் துடைக்கத் தெரிந்த ஒருவர் டவுனில் இருக்க வேண்டும், தேய்ந்த பெல்ட் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்க வேண்டும். நாலு பேர் வைத்திருக்கும் மெஷினுக்குத்தான் பாட்ஸ் கிடைக்கும், அதைத்தான் பழுது பார்க்கவும் ஆள் இருக்கும்.

பொருளியல் அறிஞர்களும் இந்தச் சண்டையில் இறங்கினார்கள். பிரையன் ஆர்தர் 1990இல் எழுதிய கட்டுரையில், ஆரம்பத்தில் தற்செயலாகக் கிடைத்த சின்ன முன்னிலை பெருகிப் பெருகிச் சந்தையையே பூட்டிவிடும் என்பதற்கு வி.எச்.எஸ்.ஸை உதாரணம் காட்டினார். லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற இருவர், பூட்டும் இல்லை சாவியும் இல்லை, மக்கள் கேட்ட நேரத்தை வி.எச்.எஸ். கொடுத்தது, வென்றது என்று மறுத்தார்கள். அமெரிக்காவைப் பொறுத்தவரை பின்னவர்கள் பக்கம் நியாயம் அதிகம். ஆனாலும் இரு தரப்பும் லயத்தை நினைத்து எழுதவில்லை. பத்துக் காம்பிராவுக்கு ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அப்படிப்பட்ட இடத்தில் டெக் வாங்குவது ஒரு வட்டத்தில் சேருவது. அந்த வட்டம்தான் சாமானின் பெறுமதி. அது தற்செயலும் அல்ல, ஏமாற்றும் அல்ல.

விளையாட்டு மெஷின்களிலும் இதே பழி உண்டு. 1989இல் நின்டெண்டோவின் கேம் போய் வந்தது. பச்சை பூசின மங்கல் திரை, நிறமே கிடையாது. மறு வருடம் சேகாவின் கேம் கியர் அழகான கலர் திரையோடு வந்தது. ஆறு பெட்டரி போட வேண்டும், நாலைந்து மணி நேரத்தில் உயிர் போய்விடும். கேம் போய்க்கு நாலு பெட்டரி போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விற்பனையில் எது நூறு மில்லியனைத் தாண்டியது என்பது ஊரறிந்த விஷயம். பெட்டரியில் டிவி பார்த்து வளர்ந்த எந்தத் தோட்டத்துப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கும். 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது நம் பையன்கள் இன்னும் பிளேஸ்டேஷன் 2ஐப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள். அதே வருடக் கடைசியில் வந்த கிரிக்கெட் 07 விளையாட்டு பிளேஸ்டேஷன் 2க்குத்தான் வந்தது, 3க்கு வரவில்லை. அதோடு அதைச் செய்த கம்பெனி பிளேஸ்டேஷனுக்குக் கிரிக்கெட் செய்வதை விட்டுவிட்டது. இலங்கையில் ஒரு பையனுக்குக் கிரிக்கெட் இல்லாத மெஷின் எதற்கு?

கூட்டத்தோடு போவதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பிராவைப் பார்த்து வாங்குவதும், ஹட்டன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெரிய விளம்பரத்தைப் பார்த்துத் தவணைக்கு வாங்குவதும் ஒன்றல்ல. முதலாவதில் விசாரணை இருக்கிறது. கசெட் யாரிடம் உண்டு, யார் கொடுப்பார், யார் திருத்துவார் என்ற விசாரணை. இரண்டாவதில் மாதக் கட்டுக்காசு மட்டும்தான் மிஞ்சும். நம் சனத்தை மந்தை என்று திட்டுகிறவர்கள் கடைசியில் பரிந்துரைப்பது இந்த இரண்டாவதைத்தான்: புதுசு, பெரிசு, பேர் போனது.

கைமாறும் சாமானின் பெறுமதி கம்பெனிகளுக்கும் உறைத்தது உண்டு. 2013இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பொக்ஸ் ஒன் மெஷினை அறிவித்தது. டிஸ்க்கை நினைத்தபடி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, மெஷின் நாளுக்கொரு தடவை இணையத்தோடு பேசியாக வேண்டும் என்று நிபந்தனை. அந்த ஜூன் மாதத்தில் சோனி இருபது வினாடி சொச்சத்துக்கு ஒரு வீடியோ வெளியிட்டது. விளையாட்டை மற்றவருக்குக் கொடுப்பது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்குகிறார். அவ்வளவுதான் பாடம். உலகம் கைதட்டியது, சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் நிபந்தனைகளைக் கைவிட்டது. கைமாற முடியாத சாமானுக்குப் பெறுமதி இல்லை என்று சொன்னது, பீட்டாவில் அடிபட்டு 1988இல் தானும் வி.எச்.எஸ். டெக் செய்ய இறங்கின அதே சோனிதான்.

பாடம் படித்த கம்பெனிக்கும் மறதி வரும். 2020இல் அதே சோனி, டிஸ்க் போடும் வாயே இல்லாத ஒரு பிளேஸ்டேஷன் 5ஐயும் சேர்த்து விற்கத் தொடங்கியது. விளையாட்டு முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். கூட்டாளிக்குக் கொடுக்க முடியாது, ஆடி முடித்து விற்கவும் முடியாது. இதுதான் இனி நல்லது, இதுதான் காலம் என்கிறார்கள். அக்கரபத்தனையிலும் டயகமவிலும் பையன்கள் டிஸ்க் போடும் பழைய மெஷினை விசாரித்துக்கொண்டு டவுனுக்குப் போனால், இதோ மறுபடியும் மந்தை என்று சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யட்டும். மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் ஒரு கோடாக நிற்கும் ஒரு டிவிஷனுக்கு வந்து, ரீலோட் போட்ட டேட்டாவில் 100 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்கிக் காட்டட்டும். அதற்குப் பிறகு பீட்டாவின் படம் எவ்வளவு துல்லியம் என்று சாவகாசமாகப் பேசலாம்.