கால் பணமும் கழுத்துக் கத்தியும்

"கால் பணமானாலும் கவர்மெண்ட் உத்தியோகம்" என்று திண்ணையில் பேசுகிறார்கள். மில் தோழர்களும் சொல்கிறார்கள்: "குமாஸ்தாவுக்கு என்ன குறை? ஒண்ணாந் தேதி சம்பளம், வயதானால் பென்ஷன்!" லே-ஆஃப் நோட்டீஸ் பார்த்தவனுக்கு அது பாக்கியமாகத்தான் தெரியும். (தாலுகா கச்சேரியில் நம்மை நாள் முழுக்க நிற்க வைக்கும் குமாஸ்தா மீது எனக்கும் கோபம் உண்டு. அது வேறு கணக்கு.)

ஆனால் தோழர்களே, அந்தப் பாக்கியத்தின் ஆயுள் எவ்வளவு? பென்ஷன் முதலிய சலுகைகளை வெட்டியதை எதிர்த்து 2003 ஜூலை 2ல் தமிழக அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 4ந் தேதியே அவசரச் சட்டம்! விசாரணை கிடையாது, விளக்கம் கேட்பது கிடையாது. ஏறக்குறைய 1,70,000 பேர் டிஸ்மிஸ். ஆகஸ்ட் 6ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: வேலைநிறுத்தம் செய்ய ஊழியனுக்குச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லையாம்! பெரும்பாலோர் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப உள்ளே போனார்கள். பட்டினிக்குப் பயந்து வாங்கிய கையெழுத்துக்குப் பெயர் மன்னிப்பா?

அதோடு விட்டார்களா? அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனும் போயிற்று. சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்தம் வந்தது.

அப்படிப் பறித்ததில் ஒரு சல்லிக்காசாவது விவசாயத் தொழிலாளியின் கூலியில் ஏறியதா? திண்ணைக்காரர்களைக் கேளுங்கள்.