ஏழு மரத்தையும் வெட்டச் சொல்லும் கடிதத்தில் நான் ஏன் கையெழுத்து வைக்கவில்லை



நம்ம லேனில் ஒரு கடிதம் வீடு வீடாகப் போகிறது. மழை தொடங்க முன்னர் லேனில் நிற்கும் ஏழு பெரிய மரங்களையும் அடியோடு வெட்டி அகற்ற வேண்டும் என்று கேட்கும் கடிதம். மூன்று பலா, இரண்டு ஈரப்பலா, ஒரு மாமரம், கால்வாய்ப் பக்கத்தில் நிற்கும் மாரா மரம். நான் கையெழுத்து வைக்கவில்லை. "டீச்சர், ஏன்?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்று. கடிதம் எழுதியவர்களின் பயம் நியாயமானது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலையில் கொள்ளுப்பிட்டி டுப்ளிகேஷன் வீதியில் தெனியாய பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். பஸ்ஸில் ஏறிப் போனதைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டை என்ன செய்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். காற்று வீசும் ராத்திரியில் கூரைக்கு மேலே கிளை உரசும் சத்தம் கேட்டுத் தூங்காமல் கிடப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் இந்த மரங்களுக்குக் கீழேதான் நடந்து வருகிறார்கள்.

ஆனால் "ஏழையும் வெட்டு" என்பது அந்தப் பயத்துக்கான பதில் இல்லை. எந்த மரம் ஆபத்து, எது ஆபத்து இல்லை என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை கொடுப்பது போல அது. வகுப்பில் ஒரு பிள்ளை கண்ணாடியை உடைத்தால் நாற்பது பேரையும் வெயிலில் நிறுத்துகிற வேலை.

கால்வாய்ப் பக்கத்து மாரா மரத்தைப் போய்ப் பாருங்கள். அடியில் காளான் பூத்திருக்கிறது. வடிகான் போட்டபோது ஒரு பக்கத்து வேர் முழுவதையும் வெட்டிவிட்டார்கள். இப்போது வீதிப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்த மரம் போகத்தான் வேண்டும், அதுவும் சீக்கிரமாக. அந்த ஒரு மரத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. மற்ற ஆறையும் தகுதியுள்ள யாராவது வந்து பார்த்தார்களா? இல்லை. காய் விழுந்து வேன் கண்ணாடி உடைந்தது, இலை விழுந்து பீலி அடைத்தது, இதுதான் அவற்றின் மேல் உள்ள குற்றப்பத்திரிகை.

இனி சமையலறைக்கு வருவோம். 2022ஐ நான்கு வருஷத்துக்குள் மறந்துவிட்டோமா? அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபா ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களைக் கயிற்றில் கட்டி வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தோம்? மதில் ஓரத்தில் மூன்று கல் வைத்து, காய்ந்த பலாக் கொப்பு பொறுக்கி அடுப்பு மூட்டினோம். அரிசி விலை ஏறினபோது ஈரப்பலாக்காயை அவித்து, தேங்காய்ப்பூவும் கொச்சிக்காய்ச் சம்பலும் வைத்துச் சாப்பிட்டோம். பொலஸ் ஆணம் ஆக்கி, மாசித்தூள் போட்டு, இரண்டு நாளைக்கு வைத்துச் சாப்பிட்ட வீடுகள் இந்த லேனில் எத்தனை? மரம் யார் வளவில் நின்றாலும் காய் மதில் தாண்டி எல்லா வீட்டுக்கும் வந்தது. அப்போது யாரும் இலை விழுகிறது என்று சொல்லவில்லை.

ஈரப்பலா சோற்றுக்குப் பதிலாக நின்றது அப்போதுதான் முதல் தடவையும் இல்லை. எங்கள் உம்மும்மா 1942ஐப் பற்றிச் சொல்லுவாங்க. அந்த வருஷம் மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. நம் நாடு தின்ற அரிசியில் பெரும் பங்கு பர்மாவில் இருந்து வந்தது, அது நின்றுபோனது. ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்பில் குண்டு விழுந்தது. சனம் நிறையப் பேர் ஊரை விட்டு ஓடியது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கூப்பனுக்குப் பஜிரியும் ஆட்டா மாவும் கொடுத்தார்கள். பஜிரியைப் பற்றிப் பேசினாலே உம்மும்மா முகத்தைச் சுளிப்பாங்க. ஆனால் ஈரப்பலாவைப் பற்றிப் பேசும்போது அந்த முகம் வராது. "அந்த மரம் இல்லாட்டி உங்க மூத்தவாப்பா வரும்வர நாங்க இருந்திருக்க மாட்டோம்" என்று செல்லுவாங்க.

மூத்தவாப்பா அப்போது இலங்கை இலகு காலாட்படையில் ஒரு சாதாரண சிப்பாய். துறைமுகப் பக்கம் காவல். உம்மாவின் பக்கம் நாங்கள் மலாய்க்காரர். மலாய்க் குடும்பங்களில் ஒரு படைக்கதை இல்லாத வீடு குறைவு. 1870களில் கலைக்கப்பட்ட இலங்கை ரைஃபிள் படையில் இருந்தவர்களின் பிள்ளைகள் பிறகு பொலிஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் இராணுவத்துக்கும் போனார்கள். நம்ம பக்கத்தில் இருக்கும் ஜாவத்தையின் பெயரிலேயே ஜாவா இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்ததால் ஒன்று தெரியும். படைக்காரன் ஒரு இடத்துக்குப் போனால் முதலில் கை வைப்பது மரத்தில்தான். கண் பார்வைக்கு மறைப்பாக இருக்கும் எல்லாவற்றையும் வெட்டுவான். எங்கள் மாமா, உம்மாவின் தம்பி, தொண்ணூறுகளில் இராணுவத்தின் பொறியியல் பிரிவில் இருந்தார். செயின்சோ பிடிக்கப் பழகினது அங்கேதான். பனங்குற்றி வெட்டி பங்கர் கட்டியதைப் பற்றி அவராகப் பேச மாட்டார். கேட்டால் மட்டும் சொல்வார்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு அதே பனையைப் பற்றி வேறு ஞாபகம். அவருடைய ஐயா நட்ட வரிசை பங்கருக்குப் போனது. அவருக்கு அதே சீருடையைப் பற்றியும் வேறு ஞாபகம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை லொட்ஜ்களில் இருந்து தமிழ்ச் சனங்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினபோது அதில் அவருடைய உறவுக்காரரும் இருந்தார். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. மாமாவும் அந்த அக்காவும் யுத்தத்தைப் பற்றிப் பேசினால் ஒத்துப்போக மாட்டார்கள், பேசாமலும் இருக்க மாட்டார்கள். ஆனால் ஈரப்பலாக்காய் பறிக்கும் நாளில் மாமா கொக்கத்தடி பிடிப்பார், அக்கா கீழே சாக்கு விரிப்பார். ஒரு லேனில் அந்த அளவுக்காவது சேர்ந்து செய்ய ஒரு வேலை இருப்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

மார்க்கத்திலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அபூபக்கர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பியபோது கொடுத்த கட்டளைகளில் பெண்களை, பிள்ளைகளை, வயோதிபர்களைக் கொல்லக் கூடாது என்பதோடு காய்க்கும் மரத்தை வெட்டக் கூடாது என்பதும் இருந்தது. எதிரியின் நாட்டில், யுத்தத்தில் போகும் படைக்கே அந்தக் கட்டுப்பாடு. நமக்கு இங்கே எதிரியும் இல்லை, யுத்தமும் இல்லை. அடைத்துப்போன ஒரு பீலி இருக்கிறது.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். 1915 கலவரத்தில் நம் சமூகத்தின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதன்பின் வந்த இராணுவச் சட்டத்தில் பிரித்தானியர் சிறையில் போட்ட சிங்களத் தலைவர்களில் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸும் ஒருவர். பிறகு அவர் நாடு முழுக்கப் பலாக்கன்று நடச் சொல்லித் திரிந்தார். உணவுப் பஞ்சம் வரும், பலா இருந்தால் சனம் பிழைக்கும் என்பது அவருடைய எண்ணம். அதனால்தான் "கொஸ் மாமா" என்று இன்றும் சொல்கிறார்கள். 1915ஐப் பற்றி நமக்கும் அவர்களுக்கும் வெவ்வேறு ஞாபகம் இருக்கலாம். அந்தப் பலா காய்த்தபோது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலாவும் ஈரப்பலாவும் வருகின்றன. சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. கிராம உத்தியோகத்தர் ஊடாகத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். வீதியோர மரம் என்றால் மாநகர சபை அல்லது வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஆகவே "ஞாயிற்றுக்கிழமை ஒரு பாஸைக் கூப்பிட்டு முடிச்சிருவம்" என்று சொல்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். செயின்சோவைப் பற்றி மாமா சொல்லித் தந்ததைச் சொல்கிறேன். வாளின் நுனியின் மேல்பக்கம் மரத்தில் பட்டால் மிஷின் ஒரு கண் இமைப்பில் பிடித்திருப்பவன் முகத்துக்குத் திருப்பி உதைக்கும். அதற்காகத்தான் முன்கைக்கு மேலே பிரேக் வைத்திருக்கிறார்கள். நம்ம லேனுக்கு வரும் பொடியன்களின் மிஷினில் அந்த பிரேக் வேலை செய்கிறதா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? பாட்டா செருப்போடு ஏறுகிறார்கள். தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை, காதுக்கு ஒன்றும் இல்லை. சத்தம் நூறு டெசிபலுக்கும் மேலே. இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் கீழே பிடித்திருப்பவன் கையில். கிளைக்கு இரண்டடி தள்ளிக் கரண்ட் கம்பி. விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு? பேரம் பேசி இரண்டாயிரம் குறைத்தது நாம்தான்.

இன்னொரு விஷயம், ஆசிரியை என்ற முறையில் வெட்கத்தோடு சொல்கிறேன். மரத்தில் ஆணி அடித்துத் தொங்கும் பலகைகளில் பாதி டியூஷன் விளம்பரம். மரம் வளர வளர ஆணி உள்ளே போய்விடும், வெளியே தெரியாது. வருஷங்கள் கழித்து செயின்சோ அந்த ஆணியில் பட்டால் சங்கிலி அறுந்து பறக்கும். ஓ.எல். கணிதத்துக்கு ஆள் சேர்க்க அடித்த ஆணி ஒரு கூலிக்காரனின் கண்ணைக் கேட்கும். டியூஷன் நடத்தும் சகோதரர்களே, தயவுசெய்து அந்தப் பலகைகளைக் கழற்றுங்கள்.

வெட்டாமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கிளை கழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெரிய கிளை என்றால் முதலில் அடியில் ஒரு சிறு வெட்டு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிக் கிளையை விழுத்த வேண்டும். கடைசியாக மீதிக் குற்றியை, தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பட்டை உரிந்து போகாது, மரம் காயத்தை மூடிக்கொள்ளும். நம்ம ஊரில் செய்வது தலையை மொட்டையடிப்பது. மொட்டையடித்த மரம் அவசரமாகத் தளிர்க்கும். அந்தப் புதுக் கொப்புகள் உறுதியாக ஒட்டாது, வெட்டின இடத்தில் உக்கலும் இறங்கும். சில வருஷத்தில் முறிந்து விழுவது அந்தக் கொப்புகள்தான். ஆபத்தைக் குறைப்பதாக நினைத்துக் காசு கொடுத்து ஆபத்தை வாங்குகிறோம். வேரைச் சுற்றி கொங்கிரீட் போடுவதும், பைப் போட வேரை வெட்டுவதும் அதே கணக்கு.

ஆகவே கடிதத்தை இப்படி மாற்றி எழுதினால் என் கையெழுத்து மட்டுமில்லை, வீடு வீடாகக் கொண்டுபோகும் வேலையும் என்னுடையது:

ஒன்று, கால்வாய்ப் பக்கத்து மாரா மரத்தை உடனே அகற்றக் கோர வேண்டும். மற்ற ஆறையும் மரத்தைப் பற்றித் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் தர வேண்டும்.

இரண்டு, கிளை கழிக்கும் வேலையை மழைக்கு முன்னரே, பயிற்சி உள்ளவர்களை வைத்துச் செய்ய வேண்டும். செலவை எல்லா வீடும் பங்கு போட வேண்டும். தொப்பி, கண்ணாடி, சப்பாத்து, இடுப்புப் பட்டி இல்லாதவரை மரத்தில் ஏற்றக் கூடாது. கம்பிக்குப் பக்கத்தில் என்றால் மின்சாரக்காரர்களுக்கு 1987க்கு முதலில் சொல்ல வேண்டும். மரம் விழுந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்று, போகும் மரத்துக்குப் பதிலாக ஒரு கன்று. வீட்டுக்கும் கம்பிக்கும் தள்ளி, வேருக்கு மண் விட்டு நட வேண்டும்.

காய் விழுந்து வேனுக்குச் சேதம் வந்த சகோதரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோபம் நியாயம். காய்க்கும் காலத்தில் முற்றும் முன்னரே பறித்தால் அது விழாது. மாமா ஏறத் தயார். அறுபது வயது என்பதால் நான் விடமாட்டேன், ஆனால் நம்ம பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பறித்ததை எல்லா வீட்டுக்கும் பங்கு போடுவோம். உங்களுக்கு முதல் பங்கு.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, பின்நேரம் நாலரைக்கு, கால்வாய்ப் பாலத்தடியில் கூடுவோம். கையெழுத்து வைத்தவர்களும் வாருங்கள், வைக்காதவர்களும் வாருங்கள். ஏழு மரத்தையும் ஒவ்வொன்றாக நடந்து பார்ப்போம். பழைய கடிதத்தையும் எடுத்து வாருங்கள், பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது, அதிலேயே புதிதை எழுதலாம்.