வக்கீல் பிடிக்க புரோக்கர் எதற்கு?

அரூர், பென்னாகரம் பக்கமிருந்து தர்மபுரி கோர்ட்டுக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு கேசைவிடப் பெரிய கவலை, நல்ல வக்கீலை எப்படிப் பிடிப்பது என்பதுதான். டீக்கடையில் "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, வாங்கண்ணே" என்று எவராவது தோளில் கை போட்டால் போச்சு! பீசோடு கமிஷனும் சேர்ந்துவிடும். புரோக்கர் பட்டியலில் பேர் ஏறிய ஆள் மறுபடி கேஸ் பிடித்தால் 3 மாசம் வரை ஜெயில் என்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது.

வாச்சாத்தி ஜனங்களிடம் என்ன காசு இருந்தது? 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்த அதிகாரிகள் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் கூட வந்தது. நடுவில் கைவிடாத வக்கீல்கள் கிடைத்தார்கள். 2011-ல் தர்மபுரி செஷன்ஸ் கோர்ட், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் ஐகோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

எல்லாருக்கும் சங்கம் வருமா? வராது. அதற்குத்தான் இலவச சட்ட உதவி. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் யாரானாலும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தரவேண்டும். போன் நம்பர் 15100. இதை எல்லா பஸ் ஸ்டாண்டிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் என்னவாம்?