ஜொகூரில் தரவு மையம், கூலிமில் அதன் பாகங்கள்: கெடா பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்: "கூலிம் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறாங்களாம், அனுப்பலாமா? இல்ல, மேல படிக்க வைக்கலாமா?"

பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியே வந்த பல குடும்பங்களுக்கு இது பழைய கேள்விதான். ஆனால் தரவு மையங்கள் பற்றிய செய்தி ஓயாமல் வரும் இந்த நேரத்தில், பதில் கொஞ்சம் மாறியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

தரவு மையத்தின் உள்ளே என்ன இருக்கிறது?

உங்கள் வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, கைப்பேசியில் எடுத்த படம் எல்லாம் ஏதோ ஒரு கட்டடத்தில் உள்ள இயந்திரங்களில்தான் இருக்கின்றன. அந்தக் கட்டடம்தான் தரவு மையம். உள்ளே போனால் அலமாரி அலமாரியாக மூன்று வகைச் சாதனங்களைப் பார்க்கலாம். கணக்குப் போடும் சர்வர், தரவைச் சேமிக்கும் ஸ்டோரேஜ், இவற்றை இணைக்கும் சுவிட்ச். 24 மணி நேரமும் ஓடும் இவற்றுக்கு மின்சாரமும் குளிரூட்டலும் தடைபடவே கூடாது.

இந்தச் சாதனங்கள் நிரந்தரமல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். அதனால்தான் டெல், எச்பிஇ, நெட்ஆப் போன்ற நிறுவனங்களுக்கு இது ஓயாத வியாபாரம்.

ஜொகூர் கட்டுகிறது, கெடா என்ன செய்கிறது?

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மலேசியாவில் 220 கோடி அமெரிக்க டாலரும், கூகள் 200 கோடி டாலரும் முதலீடு செய்வதாக அறிவித்தன. நாட்டில் புதிய தரவு மையங்கள் அதிகம் எழும் மாநிலம் ஜொகூர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டி முடித்த பிறகு தரவு மையத்தை நடத்த அதிகம் பேர் தேவையில்லை. அதிக ஆள் தேவைப்படுவது, உள்ளே போகும் பாகங்களைத் தயாரிக்கும் இடத்தில். இங்கேதான் கெடா வருகிறது.

1996-இல் தொடங்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா, இந்த வகையில் நாட்டின் முதல் பூங்கா. சர்வர் சிப்பைத் தாங்கி நிற்கும் நுண் அடித்தகட்டைத் தயாரிக்க, ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் நிறுவனம் 2024 ஜனவரியில் இங்கே தொழிற்சாலை திறந்தது. தரவு மையச் சிப் விற்கும் ஏஎம்டி அதன் வாடிக்கையாளர். ஜெர்மனியின் இன்ஃபினியோன், 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றித் தரும் இந்த வகைச் சிப், மின்சாரக் காருக்கும் தரவு மையத்தின் மின் விநியோகத்துக்கும் பயன்படும். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தகட்டைத் தயாரித்த புஜி எலக்ட்ரிக்கும் கூலிமில்தான் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் பினாங்கின் பத்து காவான். அங்கே மைக்ரான், சான்டிஸ்க் நிறுவனங்கள் எஸ்எஸ்டி தயாரிப்பில் இருக்கின்றன.

அப்படியென்றால் வேலை நிரந்தரமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல், பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அறிவித்தது. ஆட்கள் சரியாக வேலை செய்யவில்லை என்பதல்ல காரணம். கணினிகள் எஸ்எஸ்டி பக்கம் போய்விட்டன, அவ்வளவுதான். அதே சமயத்தில் பினாங்கில் எஸ்எஸ்டி தயாரிப்பை அந்த நிறுவனம் விரிவாக்கிக்கொண்டிருந்தது.

ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு என்றும் அர்த்தமில்லை. மலைபோல் குவியும் தரவை மலிவாக வைக்க, பெரிய தரவு மையங்கள் இன்றும் அதைத்தான் வாங்குகின்றன. வேகம் தேவைப்படும் இடத்துக்கு எஸ்எஸ்டி. ஆக, தொழில் போகவில்லை, பொருள்தான் மாறுகிறது. பழைய பொருளை மட்டும் தெரிந்தவர் வெளியே நிற்பார். இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் அடுத்த தொழிற்சாலைக்கு நடந்துபோவார்.

தோட்டத்துக்கும் இது தெரிந்த கதைதான். ரப்பர் போய் செம்பனை வந்தபோது மண் அப்படியே இருந்தது. பால்மரம் வெட்டியவர்களில் பலருக்குத்தான் வேலை இல்லாமல் போனது.

உங்கள் பிள்ளைக்கு என்ன வழி?

ஓப்பரேட்டர் வேலை கேவலமல்ல. அடிப்படைச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். கூடுதல் நேரமும் ஷிப்டு படியும் சேர்ந்தால் கையில் வருவது அதிகம். 18 வயதில் அது பெரிய காசாகத் தெரியும். ஆனால் டெக்னீஷியனுக்கு ஏணி உண்டு. பயிற்சி இடமும் தூரத்தில் இல்லை: அட்தெக் கூலிம், துவாங்கு சுல்தானா பஹியா பாலிடெக்னிக் இரண்டும் கூலிமிலேயே இருக்கின்றன. மெக்கட்ரானிக்ஸ், மின்னணுவியல், தானியங்கி இயந்திரப் பராமரிப்பு போன்ற படிப்புகள் எந்தப் பொருள் தயாரிக்கும் ஆலையிலும் செல்லும்.

இப்போதே வேலைக்குப் போகிறார் என்றால், கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள்: முதலாளி யார், அந்த நிறுவனமா, இல்லை ஆள் அனுப்பும் குத்தகையாளரா? இபிஎஃப், சொக்சோ கட்டுகிறார்களா? ஏனென்றால் ஆட்குறைப்பில் வேலை போனால், சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் 6 மாதம் வரை உதவித்தொகை பெறலாம். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறையும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் குறிப்பிட்ட கால ஒப்பந்தம் தானாக முடிந்தாலோ, நீங்களே வேலையை விட்டாலோ இந்த உதவி கிடைக்காது. ஒப்பந்தத்தில் உள்ள அந்த ஒரு வரி, பிறகு உங்கள் ஆறு மாத வீட்டுச் செலவாக இருக்கலாம்.

அரசாங்கம் 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்குவதாகச் சொல்கிறது. கெடாவில் இருப்பவர்களுக்குத் தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. அந்த 60,000 பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது, எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் வீட்டில் நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.